எல்லாருக்கும் பதினெட்டு

ராத்திரி மணி இரண்டு இருக்கும். ஊரை விட்டு விலகிப் போகிற புறவழிச் சாலை. விளக்குக் கம்பம் உண்டு, விளக்குத்தான் எரியாது. அதில் ஒரே ஒரு கார்... ஓட்டியவர் என் சிநேகிதனுக்கு மச்சான் முறை. பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர். நர்ஸுகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அனுப்பு'. யார் வந்தாலும், நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே அவர் வாயில் வருவது அந்தச் சொல்தான்.

காருக்குள் நாற்றம். நாள்பட்ட மூத்திர நாற்றம்... குடலைப் பிடுங்கியது. வெளியே ஏதோ சாக்கடை என்று கண்ணாடியை ஏற்றினார். நாற்றம் கூடியது. இறக்கினார். வெளிக்காற்று சுத்தமாக இருந்தது.

அந்த நாற்றம் அவருக்குத் தெரியும். டியூட்டி முடிகிற நேரத்தில் ஒரு பாட்டியம்மாவை மகன் தூக்கிக்கொண்டு வந்தானே, அவள் மேல் வீசியது. காலையில் தெளிவாகப் பேசியவள், இப்போது மகனையே யாரென்று கேட்டாள். கை கால் சில்லென்று கிடந்தது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது.

"சார், மூச்சு ரொம்ப வாங்குது. ரத்தம் எடுத்துப் பாத்துடலாமா?" என்றாள் நர்ஸ்.

அனுப்பு மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டவே நின்றார். "காய்ச்சலே இல்லையேம்மா. வயசானா இப்படித்தான் உளறுவாங்க. துணிய மாத்தி அனுப்பு."

"இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் வெச்சுக்குங்க டாக்டர்," என்று மகன் கும்பிட்டான். "எனக்கு இவங்கள விட்டா யாருமில்ல."

"வீட்ல படுத்தா சரியாயிடும்பா."

இதில் இன்னொரு கூத்தைக் கேளுங்கள். அங்கே மூச்சை யாரும் எண்ணுவதே கிடையாது. மற்றதையெல்லாம் மிஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் ஆள் நின்று, மார்பைப் பார்த்து, ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். யாருக்கு நேரம்? எண்ணாமலே, நன்றாக இருக்கிறவனுக்கு உள்ள கணக்கைச் சீட்டில் எழுதிவிடுவார்கள். பல்வலி என்று வந்தவனுக்கும் பதினெட்டு, இழுத்துக்கொண்டு கிடப்பவனுக்கும் பதினெட்டு. பாட்டியம்மாவுக்கும் அதையே போட்டார் அனுப்பு. த்தூ... வயதானவர்களுக்குக் கிருமி ரத்தத்தில் ஏறினால் காய்ச்சலே அடிக்காமல் போகலாம், உடம்பு சில்லிட்டு, புத்தி தடுமாறி, மூச்சு மட்டும் ஓடும் என்று படித்துப் பட்டம் வாங்கிய மனுஷன் அவர்.

இப்போது காரில்... பின்னால்...

ஹ்... ஹ்... ஹ்...

கண்ணாடியில் பார்த்தார். சீட் காலி. ரேடியோவைத் திருகினார். பாட்டையும் மீறிக் கேட்டது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். அப்போதும் மூச்சு நிற்கவில்லை. வேறென்ன செய்வதென்று தெரியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினார். இருபது... முப்பது... நாற்பதைத் தொட்டது.

அருவருப்பு நாற்றத்தின் மேல் இல்லை, தன் மேலேயே. பாட்டி உயிரோடு இருந்தால் இப்போதே கொண்டுவந்து மருந்தேற்றிக் காப்பாற்றிவிடலாம் என்று நர்ஸுக்குப் போன் போட்டார்.

"அந்தம்மாவ உடனே திரும்பக் கூட்டிட்டு வரச் சொல்லு. நானும் வந்துட்டே இருக்கேன்."

"சார்... அவங்க வீட்டுக்கே போகல. வாசல்ல வண்டிக்கு நிக்கும்போதே மூச்சு நின்னுடுச்சு. நீங்க அப்பத்தான் கேட்டைத் தாண்டுனீங்க. பையன் இங்கதான் தலையில அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்."

பின் சீட்டில் மூச்சு நிற்கவில்லை. ஹ்... ஹ்...

எப்படித் திரும்பி ஓட்டினார் என்பது அவருக்கே ஞாபகமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் வாந்தி எடுத்தார். நர்ஸ் ஓடி வந்தாள். பின் சீட்டில் மூச்சு கேட்டதை அவளிடம் சொன்னார். இப்போது காருக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"மனசு கெட்டுப்போச்சு சார், அதான் என்னென்னவோ கேக்குது," என்று சொல்லிக்கொண்டே அவள் பின் கதவைத் திறந்தாள். உள்ளே கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

சீட் நனைந்திருந்தது. ஈரம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.