துப்பாக்கியைக் கழுவியவன் நான்

சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா. 1954ம் வருடம் மார்ச் மாதம் 13ந் தேதி சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, யாரும் அழைக்காமல் தானாகத் தளி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்த சாட்சி சொல்லச் சொல்ல, சப்-இன்ஸ்பெக்டர் முன்னிலையில் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியது.

பெயர் ஃபக்ருதீன். தகப்பனார் காலஞ்சென்ற ஜமீர் அகமது. வயது ஐம்பத்திரண்டு. தொழில் பஞ்சு அடித்து மெத்தை தைப்பது. விலாசம் கிருஷ்ணகிரி பழையபேட்டை, மசூதிக்குப் பின் சந்து. தமிழ் நன்றாகப் பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது. உருதுவில் கையெழுத்துப் போடுவேன்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி அதியாவுடன் குடியிருந்து வருகிறேன். எங்களுக்கு ஒரே மகள் தாஹிரா. நேற்று வெள்ளிக்கிழமை அவளுக்கு நிக்காஹ் ஆகி, சாயங்காலமே புருஷனுடன் வாணியம்பாடிக்குப் போய்விட்டாள். இது கேஸுக்குச் சம்பந்தமில்லை, விட்டுவிடலாம் என்று ரைட்டர் ஐயா சொன்னார். இதற்குத்தான் சம்பந்தம், எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதினார்.

தளிக்கு மேற்கே இரண்டு மைலில் மேல்கொட்டாய் என்கிற இடத்தில் வெங்கடப்ப கவுடர் வீடு இருக்கிறது. அவருடைய தகப்பனார் ராஜப்ப கவுடர் வேட்டையில் பேர் போனவர், சென்ற தீபாவளிக்கு முன் காலமானார். அவர் விட்டுப்போன இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றும், மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கி ஒன்றும், பாடம் பண்ணிய புலித்தலை, காட்டெருமைத் தலை, முழுக் கரடி, மூன்று ஜோடி கடமான் கொம்பு ஆகியவையும் மகனுக்கு வந்தன. எல்லாம் நடுக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தன. சென்ற மாதம் 28ந் தேதி பக்கத்து அறையில் அடுக்கியிருந்த ஆமணக்கு மூட்டைகள் தீப்பற்றி விட்டன. கூடம் எரியவில்லை, ஆனால் அந்த எண்ணெய்ப் புகை கூடத்தில் புகுந்து சுவர், கூரை, புலி, துப்பாக்கி எல்லாவற்றிலும் ஒரு விரற்கடைக் கரியாகப் படிந்துவிட்டது. வீட்டார் மூச்சுவிட முடியாமல் ஒரு மைல் தள்ளியிருக்கிற தோட்டத்துக் கொட்டகைக்குக் குடிபோனார்கள். வெங்கடப்ப கவுடர் துப்பாக்கி லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வேலையாகச் சேலத்துக்குப் போயிருந்தார். துப்பாக்கியை அதிகாரி பார்க்கக் கேட்பார், சுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆள் அனுப்பினார். யுத்த காலத்தில் பெங்களூர் கண்டோன்மென்டில் பட்டாளத்துக்கு மெத்தை தைத்தபோது துப்பாக்கி கழுவக் கற்றுக்கொண்டவன் நான் என்பது அவருக்குத் தெரியும்.

அதன் பிறகு இம்மாதம் 9ந் தேதி செவ்வாய்க்கிழமை காலை பஞ்சு அடிக்கிற என் வில்லையும் அதன் நாணைத் தட்டுகிற கொட்டாப்புளியையும் தூக்கிக்கொண்டு மேற்படி வீட்டுக்குப் போனேன். அங்கே காவலுக்கு இருந்தவன் திம்மராயன் ஒருவன் மட்டும்தான். அவனை அன்றுதான் முதல் முதலாகப் பார்க்கிறேன். வயது முப்பத்தைந்து இருக்கும். கவுடர் வீட்டில் பத்து வருஷமாக இருக்கிறான். என்னைக் கண்டதும் காட்டெருமைத் தலையைக் காட்டி, "ஈரத்துணியால ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன் பாயண்ணே, கண்மை மாதிரி அப்பிக்கிச்சு. கவுடரு வந்தா என் தோலை உரிச்சு இதுக்குப் பக்கத்துல மாட்டிடுவாரு" என்றான். "உன்னைப் பாடம் பண்ண ரெண்டு மூட்டைப் பஞ்சு வேணுமே, அவ்வளவு செலவு பண்ணமாட்டாரு, பயப்படாதே" என்றேன். அவன் சிரித்தான்.

எண்ணெய்ப் புகைக்கு ஈரம் ஆகாது. பஞ்சு அடிக்கிற வில்லைத் தோலுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து நாணைத் தட்டினால், அந்த அதிர்ச்சியில் மயிர்க்காலில் இருக்கிற கரி தானாக எழும்பி வரும். அதற்கப்புறம் சூடு காட்டிய தவிட்டைத் தூவித் தேய்த்து உதற வேண்டும். அப்படியே அன்று பகல் முழுவதும் கரடியையும் கடமான் கொம்புகளையும் முடித்தேன். திம்மராயன் தவிடு வறுத்துக் கொடுத்தான். அன்று மத்தியானம் தொழுகை நேரம் வந்தபோது துண்டு விரிக்கச் சுத்தமான இடம் இல்லை. கூடமெல்லாம் கரி, வாசலில் எரிந்த மூட்டை. நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "இரு பாயண்ணே" என்று சொல்லிவிட்டு, கூடத்து மூலையில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடத்தைச் சாம்பலும் வைக்கோலும் போட்டுத் தேய்த்து, இரண்டு தரம் தண்ணீர் விட்டுக் கழுவி, தன் வேட்டி முனையால் துடைத்தான். அதன் பிறகு, "மேக்கு இந்தப் பக்கம், சரிதானே?" என்று கேட்டான். ஊர் ஊராகப் பஞ்சு அடித்து முப்பது வருஷம் ஆகிறது. எனக்காக இப்படி ஒருவர் செய்ததில்லை. இதையும் எழுதச் சொன்னேன்.

வேலைக்கு நடுவில் தாஹிரா கல்யாணத்தைப் பற்றி அவனிடம் பேசினேன். முன்பு ஒரு இடம் பேசி, தேதி வரைக்கும் வந்து முறிந்துபோனது. இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டார் ரொம்பக் கறார், வெள்ளிக்கிழமை தாண்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்றேன். கல்யாணத்துக்குப் பூ தன் வீட்டுத் தோட்டத்துப் பூ என்று அவன் அப்போதே சொல்லிவிட்டான்.

மறுநாள் 10ந் தேதி புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இரட்டைக் குழல் துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கினோம். அதை மாட்டியிருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாக இருந்தது. குழாய் இரண்டிலும் குளவி மண் கூடு கட்டி அடைத்திருந்தது. தொடுவதற்கு முன், "நான் இதைத் தொடலாமா?" என்று கேட்டேன். திம்மராயன், "பெரிய கவுடரு லைசென்ஸ்ல காவலாளுன்னு எம்பேரும் எழுதியிருக்குது. நீ தொட்டா தப்புதான். யாரு பாக்கறா, கழுவு" என்றான். அவன் சொல்லித்தான் தொட்டேன் என்று தப்பித்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. தப்பு என்று தெரிந்தேதான் தொட்டேன். நாளாக ஆக அந்தப் புகை இரும்பைத் தின்றுவிடும், என் கைக்குப் பொறுக்கவில்லை.

அதன் பிறகு துப்பாக்கியைப் பிரித்து, குழாயைத் தனியாகவும் கட்டையைத் தனியாகவும் வைத்து, குளவி மண்ணைக் குத்தி எடுத்து, இரும்புப் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். விசையை மூடுகிற இடதுபக்கத் தகட்டின் திருகாணி துருவேறி, திருப்பும்போது பாதியில் ஒடிந்துவிட்டது. தையல் மிஷினுக்கு வைத்திருந்த பித்தளைத் திருகாணி ஒன்றை அரத்தால் ராவி அதற்குப் போட வேண்டியதாயிற்று. அதை ராவிக்கொண்டிருக்கும்போது, ஓசூரிலிருந்து வருகிற பத்து மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய்ச் சற்று நேரத்தில் காட்டுப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. என் எதிரில் உட்கார்ந்து கொம்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த திம்மராயன் தலையைத் தூக்கி, "எவனோ பன்னிக்கு வெடி வெச்சான்" என்றான். அதே நேரத்தில் அதே காட்டில்தான் வனக்காவலர் முனிவேல் காலில் குண்டுபட்டு விழுந்தார் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். அப்போது துப்பாக்கியின் குழாய் மண்ணெண்ணெய்த் தொட்டியில் கிடந்தது. கட்டை என் மடியில் கிடந்தது. திம்மராயன் என் கண்ணெதிரில் இருந்தான், பத்தடி கூட நகரவில்லை.

அதன் பிறகு குழாயில் வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, மிஷின் எண்ணெய் போட்டு, எல்லாவற்றையும் பூட்டி, மத்தியானம் இரண்டு மணிக்குத் திம்மராயன் கையில் கொடுத்தேன். புலித்தலை பாதியில் நின்றது. கல்யாணம் முடித்து வருகிறேன் என்று வில்லை அங்கேயே வைத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் புறப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை நிக்காஹுக்குத் திம்மராயன் வரவில்லை. அவன் மனைவி மாரம்மா மட்டும் கூடை நிறையக் கனகாம்பரமும் சம்பங்கியும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் எங்கே என்று கேட்டேன். "அவருக்கு வயித்தால போவுது பாயண்ணே, எழுந்திருக்க முடியல" என்றாள். "களியைக் குண்டானோடு முழுங்கினா அப்படித்தான் போகும்" என்று நாலு பேர் நடுவில் கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். தாஹிராவுக்குத் தானே பூ வைத்துவிட்டாள். இப்போது அதை நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இன்று காலை திம்மராயனுக்குக் கல்யாணத்து மிட்டாய் எடுத்துக்கொண்டு, புலித்தலையையும் முடித்துவிடலாம் என்று வந்தேன். பகல் ஒரு மணிக்குத் தளியில் இறங்கியபோது மாரம்மா சோற்றுத் தூக்குடன் ரோட்டில் நடந்து போவதைப் பார்த்தேன். யாருக்குச் சோறு என்று கேட்டதற்கு ஸ்டேஷனுக்கு என்றாள். ஸ்டேஷனில் யார் என்று கேட்டேன். அதன் பிறகுதான் சொன்னாள். வனக்காவலரைச் சுட்டது யார் என்று விசாரிக்கப் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போலீசார் வந்து துப்பாக்கியை முகர்ந்து பார்த்து, மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது, சுட்டுவிட்டுக் கழுவியிருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். கழுவியது யார் என்றதற்குத் திம்மராயன் நான்தான் என்று சொல்லிவிட்டான். அன்று காலை உன்னுடன் யார் இருந்தது என்றதற்கு ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டான். மூன்று நாளாக அதையே சொல்லிக்கொண்டு உள்ளே இருக்கிறான். சோறு கொடுக்கப் போனபோது பெண்டாட்டியிடம், "பாயண்ணன் பேரைச் சொன்னா வியாழக்கிழமையே பழையபேட்டைக்குப் போலீசு போவும். மாப்ளை ஊட்டுக்காரங்க அப்படியே திரும்பிடுவாங்க. வெள்ளிக்கிழமை கண்ணாலம் ஆவட்டும். அப்புறம் அவருக்குச் சொல்லு" என்று சொல்லியிருக்கிறான்.

உண்மையைச் சொல்வதாக உறுதி சொல்லியிருப்பதால் இதையும் சொல்கிறேன். அப்போது ஓசூர் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து வாங்க வாங்க என்று கூப்பிட்டான். நான் அந்தப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறவில்லை. மாரம்மா தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பஸ் போன பிறகு அவளுடன் இங்கே நடந்து வந்தேன்.

மேலே சொன்ன துப்பாக்கியின் ஒடிந்த திருகாணித் துண்டை என் பணப்பையிலிருந்து எடுத்து இப்போது ஆஜர் செய்கிறேன். சப்-இன்ஸ்பெக்டர் ஐயா ஸ்டேஷனில் இருந்த துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லி, என் எதிரில் பார்த்தார். இடதுபக்கத் தகட்டில் பித்தளைத் திருகாணி இருந்தது. அரம் பட்ட இடம் இன்னும் பளபளவென்று இருந்தது. அதைத் தவிர மற்றதெல்லாம் இரும்பு.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொட்டுப் பிரித்ததாக என் மேலேயே கேஸ் வரும், தெரியுமா என்று ஐயா கேட்டார். தெரியும் என்றேன். வரட்டும். என் மகள் பூ வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து புருஷன் வீட்டுக்குப் போனாள். அது யாரால் என்று எனக்குத் தெரியும். அல்லா அவனுக்கு நல்லது செய்யட்டும். நான் சாகும்வரை அந்த நன்றி எனக்கு இருக்கும், எத்தனை தரம் சொன்னாலும் தீராது.

திம்மராயனோ அவன் மனைவியோ கெஞ்சிக் கேட்டு, அல்லது வற்புறுத்தி வந்தாயா என்று கடைசியாக ஐயா கேட்டார். இல்லை. வருகிற வழியில் நானே மாரம்மாவைக் கேட்டேன், எனக்குச் சொன்ன பிறகு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவன் சொன்னானா என்று. அவள் நின்று யோசித்துப் பார்த்து, "அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலியே பாயண்ணே" என்றாள். இரண்டு நாள் பழக்கம்தான். எனக்குச் சொன்னால் போதும், நான் வந்துவிடுவேன் என்று இருந்திருக்கிறான். அதனால் வந்தேன்.

நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் இவ்வளவுதான். கூட்டியும் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. ரைட்டர் ஐயா முழுவதும் படித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம், உருதுவில்) ஃபக்ருதீன்
என் முன்பாக: சப்-இன்ஸ்பெக்டர்