பிரேக் இருக்கும் பக்கம்

மண்ணெண்ணெய் இப்போதெல்லாம் எங்கும் கிடைப்பதில்லை. ரேஷன் கடையில் நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதனால் நட்டு, போல்ட்டு எல்லாவற்றையும் டீசலில்தான் ஊறவைத்தேன். டீசலில் துரு போகும், ஆனால் வாடை கையை விட்டுப் போகாது. சோறு போடும்போது என் மனைவி கல்பனா மூக்கைச் சுளிப்பாள். பழைய வண்டி ஒன்றைப் பிரித்துச் செய்த இந்த மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டில் சண்டை என்று வந்தால் அது ஒன்றுக்குத்தான். மற்றபடி என்னைப் பற்றி எங்கள் ஊர் ஏம்பலத்தில் யாரிடமும் புகார் இருக்காது, விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள் சார். எழுதுகிறேன். என் பெயர் எழிலரசன். வயது நாற்பத்தேழு. பால் சொசைட்டியில் பாலைப் பரிசோதிக்கிற வேலை. விடியற்காலையும் சாயங்காலமும் வேலை, நடுப்பகல் முழுக்க என்னுடையது. யார் வீட்டுப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று கருவியை இறக்குவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். கலப்படம் எனக்கு ஆகாது. பிறவிக் குணம் அது, பெருமைப்பட ஒன்றுமில்லை.

வண்டி என் மாமனார் சுப்புராயனுடையது. அறுபத்தெட்டாம் வருஷத்துப் புல்லட். பி.டி.ஒய். என்று ஆரம்பிக்கிற பழைய நம்பர். கரையாம்புத்தூரில் அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் பத்து வருஷமாகச் சாய்ந்து கிடந்தது. சீட்டுக் கிழிசலில் கோழி முட்டையிடும். அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், கல்பனாவின் ஒரே தம்பி தணிகைவேல் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, “பழைய இரும்புக்காரன் வந்தா தூக்கிப் போட்டுடலாம் மாமா” என்றான்.

“நான் எடுத்துக்கறேன் மச்சான்.”

“இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? எடுத்துக்கினு போங்க.”

அவன் வாயால் சொன்னது இது. தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டியை நான் எப்படிச் செய்தேன் என்று முழுவதும் எழுதினால் உங்களுக்கு அலுத்துவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். என் மாமனார் இளந்தாரியாக அந்த வண்டிமேல் கையை ஊன்றி நிற்கும் போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் இருப்பதுதான் எனக்குச் சட்டம். அதில் இல்லாத ஒரு வாஷரைக்கூட நான் போடவில்லை. ஸ்பீடாமீட்டருக்காக ஒன்பது மாதம் காத்திருந்தேன். டேங்க்கின் தங்கக் கோட்டை ஸ்டிக்கராக ஒட்டிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். கோயில் தேருக்கு வர்ணம் தீட்டுகிறவரை அழைத்துவந்து கையால் இழுக்கச் சொன்னேன். பின் பிரேக்கை மட்டும் நாலு தடவை பிரித்து மாட்டினேன். வில்லியனூரில் பட்டறை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் பாய்க்குப் பழைய வண்டிகள் அத்துப்படி. அவர் வந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “இது வூட்ல செஞ்ச வேலை மாறி இல்ல தம்பி” என்றார். அன்று இரவு சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. இந்தக் காலத்து வண்டிகளில் கியர் இடது காலுக்கு, பிரேக் வலது காலுக்கு. அந்தக் காலத்துப் புல்லட்டில் அது அப்படியே மாறி இருக்கும். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். வலது காலைக் கீழே அழுத்தினால் வண்டி அடுத்த கியருக்குப் போகும். பழகியவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பழகாதவனும் நிதானமாக யோசித்து ஓட்டினால் ஓட்டிவிடலாம். ஆனால் யோசிக்கிற கால் வேறு, பயந்த கால் வேறு. முதல் மாதம் அபிஷேகப்பாக்கம் ரோட்டில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தபோது என் வலது கால் தானாகப் போய் அழுத்தியது. வண்டி சீறிக்கொண்டு நடவு வயலில் இறங்கியது. சேறுதான், அடியில்லை. அதன்பிறகு இடது பெடலில் சைக்கிள் டியூபைச் சுற்றிவைத்தேன், எது பிரேக் என்று கால் மறக்காமல் இருக்க. அப்படியும் நாலு மாதம் பிடித்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கார்த்திகை மாதம் தணிகைவேலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். வண்டியை என் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தேன், அதைப் பெண் வீட்டில் யாரோ பார்த்திருக்கிறார்கள். மறுநாளே வந்து நின்றான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“மாமா, சான்சே இல்ல. மாப்ள அழைப்புக்கு இதுலதான் வருவேன். அப்பா வண்டி இல்ல?”

அப்பா வண்டிதான். ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் அவர் பெயர்தான் இருக்கிறது, வாரிசு இவன்தான். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போனை எடுத்து எனக்குப் படம் காட்டினான். மட்கார்டை வெட்டிவிட வேண்டுமாம். டேங்க்கைச் சுரண்டிவிட்டுப் பளபளப்பில்லாத கறுப்பு அடிக்கவேண்டுமாம். ஊரையே எழுப்புகிற சைலன்சர், நீல நிற எல்.இ.டி. விளக்கு. இதற்குப் பெயர் கஸ்டமைஸ் என்றான். தேர்க்காரர் இழுத்த கோட்டின்மேல் நகத்தை வைத்து, “இது சுரண்டுனா வந்துடும் இல்ல மாமா?” என்று கேட்டான்.

எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குக் கோபமே வருவதில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். கல்பனாவும் தம்பி பக்கம்தான் பேசினாள். “உங்களுக்கு இன்னா, வேற பழைய வண்டி ஒண்ணு புடிச்சிக்குங்க. அவனுக்கு அது அப்பா ஞாபகம்” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சரி என்றேன்.

நியாயத்தைச் சொல்லவேண்டும், அவன் புத்தியோடு கேட்டதும் ஒன்று உண்டு. “மத்ததெல்லாம் முகூர்த்தத்துக்கு மின்னாடி வாரம் பாத்துக்கலாம் மாமா. கியர மட்டும் இப்பவே இந்தப் பக்கம் மாத்திக் குடுத்துடுங்க. எனக்கு இந்தக் கால்ல வராது” என்றான். அப்படி மாற்றலாம். ஹாஜா மைதீன் பாயிடம் அதற்கான சாமான் தயாராக இருந்தது, அரை நாள் வேலை. நான் தனியாக வில்லியனூர் போனேன். “பையன் ஒரிஜினலாவே இருக்கட்டும்னுட்டான் பாய்” என்றேன். அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. “இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா, நல்லா இருக்கட்டும்” என்றார். ஊர் திரும்பித் தணிகையிடம், சாமான் வர மூன்று வாரம் ஆகுமாம், அதுவரை இப்படியே ஓட்டிப் பழகு என்றேன். நான் சொன்ன பொய்கள் இந்த இரண்டுதான். இரண்டுமே வண்டியின் நன்மைக்காகச் சொன்னவை.

பாகூர் ஏரிக்கரையில் மூன்று நாள் அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத கரை. நன்றாக ஓட்டினான். மூன்றாம் நாள் தட்டிக்கொடுத்து, எனக்கு நாலு மாதம் ஆனது, உனக்கு மூன்றே நாள் என்றேன். நன்றாகச் செய்பவனைப் பாராட்டவேண்டும் அல்லவா. கை பிரேக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழ்த்துவிடும் என்று சொல்லித்தான் நம் ஊரில் எல்லாருக்கும் வண்டி கற்றுத்தருகிறார்கள். அவனும் அதன் பக்கம் விரலைக்கூடக் கொண்டுபோக மாட்டான். அந்தப் பழக்கம் அவனுக்கு நான் கொடுத்ததில்லை.

இடது பெடலில் சுற்றியிருந்த டியூபை அறுத்து எடுத்துவிட்டேன். மாமனாரின் போட்டோவில் அது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். நான்தான் திங்கட்கிழமை வரச்சொன்னேன். பால் ஊற்ற வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது எல்லாம் பேசுவார்கள். யார் கொல்லையில் என்றைக்குக் கரும்பு வெட்டு, டிராக்டர் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று எனக்குத் தெரியாமல் இருக்காது. கரையாம்புத்தூர் போகிற வழியில் ஒரு வளைவில், வண்டிப்பாதை திடீரென்று ரோட்டில் ஏறும். இரண்டு பக்கமும் கரும்பு மறைக்கும். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். அது கழியட்டும் என்று அவனை உட்காரவைத்து இட்லி கொடுத்தோம். முதல் பாரம் ஏற்றிய டிராக்டரும் ஒன்பதுக்கு மேல்தான் கிளம்பும்.

கல்பனா வண்டிக்குப் பொட்டு வைத்து, சூடம் சுற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். தம்பிக்குத் திருஷ்டி கழித்தாள். “பாத்துப் போடா” என்றாள். அவன் அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கிளம்பினான். வண்டிச் சத்தம் கேட்க அவ்வளவு அழகாக இருந்தது.

அதன்பிறகு நடந்தது உங்கள் ஃபைலில் இருக்கிறது. வளைவில் கரும்பு டிராக்டர் ஏறியது. பார்த்தவர்கள், பையன் பிரேக்கே பிடிக்கவில்லை, வண்டி வேகமெடுத்துப் போய் மோதியது என்றார்கள். பாவம், அவன் பிடித்தான். வலது காலால் இரண்டு தடவை பிடித்திருக்கிறான். நான் போய்ப் பார்த்தபோது வண்டி நாலாவது கியரில் இருந்தது. அந்த வளைவுக்கு இரண்டாவதில்தான் போயிருப்பான்.

ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கல்பனா அழுதபோது நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை, அவன் வளர்ந்ததைப் பார்த்தவன் நான். “எவ்ளோ பொறுமையா கத்துக் குடுத்தீங்க, அவனுக்குக் குடுத்து வைக்கல” என்று என் தோளில் சாய்ந்தாள். மூன்று வாரம் நன்றாகத் தூங்கினேன்.

போன புதன்கிழமை வண்டியின் பேப்பர்களோடு என்னை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லியிருந்தீர்கள். வாகன ஆய்வாளர் வந்திருந்தார், சின்ன வயதுப் பிள்ளை. நான் பக்கத்தில்தான் நின்றேன். முன்பக்கம் நசுங்கி, செயினும் அறுந்து கிடந்த வண்டியின் பின்சக்கரத்தை ஒரு காவலர் தூக்கிச் சுற்றினார். ஆய்வாளர் வலது காலால் அழுத்தினார். சக்கரம் நிற்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். “பிரேக்கே இல்லையே” என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். அது கியர் என்று நான் சொன்னால், ஏன் மாற்றிக் கொடுக்கவில்லை என்ற கேள்வி வரும். பின் பிரேக் முற்றிலும் செயலிழந்துள்ளது, வீட்டில் செய்யப்பட்ட தரமற்ற பழுதுபார்ப்பே விபத்துக்குக் காரணம் என்று அறிக்கை வந்தது. நீங்களும் நல்ல மனிதர், துக்க வீடு என்று அத்தோடு விட்டுவிட்டீர்கள். “இதெல்லாம் வூட்ல செய்யலாமா, போங்க” என்று அனுப்பினீர்கள்.

அறிக்கையைக் கல்பனா படித்தாள். படித்துவிட்டு, “பிரேக்க சரியா மாட்டலியா நீங்க?” என்று கேட்டாள். அவ்வளவுதான், அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. ஹாஜா மைதீன் பாய் துக்கம் கேட்க வந்தார், அவரும் என் கையைப் பார்த்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை சார். நாலு தடவை பிரித்து மாட்டிய பிரேக் அது.

அதனால்தான் இன்று நானாக வந்தேன். வெளியே போய் அந்தச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, இடது பெடலை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். அந்த இடத்திலேயே நிற்கும். அறிக்கையில் தரமற்ற என்கிற சொல்லை அடிக்கச் சொல்லுங்கள். அவனைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்து என்று காட்டினால் போடுகிறேன். இதில் ஒரு நகலைக் கல்பனாவிடம் சேர்த்துவிடுங்கள். தம்பி ஓட்டிய வண்டியில் பிரேக் நன்றாகத்தான் இருந்தது என்று தெரிந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.