மண் பார்க்காத வேர்

வேருக்கு மண் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை ஐயா. சர்க்கரையும் கொஞ்சம் உப்புகளும் கரைத்த தண்ணீர் போதும். இலை வேண்டாம், தண்டு வேண்டாம், வெயில் வேண்டவே வேண்டாம். கண்ணாடிக் குடுவைக்குள் வெள்ளை வெளேரென்று வேர் மட்டும் தானாக வளர்ந்துகொண்டே இருக்கும். இதை எழுதிக்கொள்ளும் காவலரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் அரசப்பன். சொந்த ஊர் அரியக்குடி. அப்பா தச்சு வேலை பார்த்தவர். நான் தாவரவியல் படித்தேன். கூடப் படித்தவன் கார்த்திகேய சிவம், கோட்டையூரில் பெரிய வீட்டுப் பிள்ளை. பத்து வருடத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டை லேபாக மாற்றி இருவருமாகத் தொடங்கினோம். இடம் அவனுடையது, வேலை என்னுடையது. அஸ்வகந்தா என்கிற அமுக்கராவின் வேரில் இருக்கும் மருந்துச் சத்தை வயலே இல்லாமல் எடுத்து, மருந்து செய்பவர்களுக்கு விற்பதுதான் தொழில்.

முறை எளிதுதான். அமுக்கரா இலையைக் கீறி, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவைத் தடவினால், அது தன் மரபணுவில் ஒரு துண்டை இலைக்குள் செலுத்திவிடும். கீறிய இடத்தில் வேர் முளைக்கும். பிறகு பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு வேரை மட்டும் வளர்க்கலாம். ஆனால் முளைப்பதெல்லாம் தேறாது. முதல் மூன்று வருடம் நான் தூக்கிப்போட்ட குடுவைகளுக்குக் கணக்கே இல்லை. நான்காம் வருடம் வைத்த வரிசையில் பதினேழாம் குடுவை மட்டும் தேறியது. வயல் வேரைவிட மூன்று மடங்கு சத்து. அதற்கு நான் வேறு பெயர் வைக்கவில்லை. பதினேழு என்றே கூப்பிட்டேன்.

அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை வேர் நுனியை வெட்டிப் புதுக் குடுவைக்கு மாற்ற வேண்டும். தவறினால் பழுப்பேறிச் செத்துவிடும். என் அப்பா இறந்தது இருபத்து நான்காம் நாள். மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு, வந்திருந்த சொந்தக்காரர்களைப் பந்தலில் அப்படியே உட்கார வைத்துவிட்டு, லேபுக்கு வந்து வேரை மாற்றினேன். அன்று கார்த்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லாட்டி இது இல்லடா” என்றான். நான் நம்பினேன். நம்பியது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

போன மாதம், ஆவணிக் கடைசியில், புனேயிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கார்த்தி அவர்களிடம் பதினேழு எப்படிப் பிறந்தது என்று விலாவாரியாகச் சொன்னான். என்னைக் காட்டி, நம்ம லேப் டெக்னீசியன் என்றான். நான் உப்புக்குச் சப்பாணியாக ஓரத்தில் நின்றேன். அவர்கள் போன பிறகு பிரின்டரில் ஒரு காகிதம் கிடந்தது. பதினேழுக்கான காப்புரிமை விண்ணப்பம். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர். ஒன்று கார்த்தி, இன்னொன்று நான் பார்த்தே இராத ஒரு புனேக்காரர்.

என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

“பேருல என்னடா இருக்கு அரசு? அவுக கம்பெனி வழக்கம் அப்புடி. உனக்குச் சம்பளம் எப்பவும் போல வரும்ல?”

“பதினேழு?”

“அதை அங்குட்டுக் கொண்டு போறாக. நீ புதுசா ஒண்ணு வளத்துக்க. உன் கைக்கு அதெல்லாம் ஒரு வேலையா?”

அதை அவன் பாராட்டாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பதினோரு நாள் பொறுத்தேன். நேரில் வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். அவன் குடுவைகளை அனுப்பப் பெட்டி வாங்கி வந்தான்.

இப்போது எங்கள் லேபின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அறுவடையிலும் வேரை உலர்த்திப் பொடித்ததும், சூடான பாலில் ஒரு கரண்டி கலந்து லேபில் இருக்கும் எல்லோரும் குடிப்போம். நாம் சாப்பிடாததை அடுத்தவனுக்கு விற்கக்கூடாது என்பது கார்த்தியின் கொள்கை. மதுரைக்கு அனுப்பும் பரிசோதனையின் முடிவு வரப் பத்து நாள் ஆகும். நாங்கள் அதற்கு முன்பே குடித்துவிடுவோம். படித்தவர்கள் செய்கிற காரியம் இல்லைதான். ஆனால் லேபிள் எழுதுவது நான் மட்டும். அதை வேறு யாரும் தொடக்கூடாது. என் எழுத்து இருந்தால் சரியாக இருக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

கண் மருந்து செய்யும் ஒருவருக்காக இரண்டு வருடமாக ஊமத்தை வேரும் வளர்த்து வந்தோம். ஊமத்தையும் அமுக்கராவும் ஒரே குடும்பம். குடுவையில் வளர்ந்த வேரை உலர்த்தித் தட்டில் பரப்பினால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. லேபிள்தான் வித்தியாசம்.

எங்கள் லேபில் மூன்றே பேர். மூன்றாவது ஆள் சந்திரலேகா. குடுவை கழுவுவது, பால் காய்ச்சுவது எல்லாம் அவள். அவளுக்கு இதய வால்வில் கோளாறு. மாதாமாதம் மாத்திரை வாங்கி வந்து கொடுப்பது நான்தான். அவள் புருஷனுக்குக்கூட அந்த மாத்திரையின் பெயர் தெரியாது.

அந்த வியாழக்கிழமை காலை நான் தட்டுகளின் லேபிளை மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள்.

“என்னண்ணே, லேபிளை மாத்துறீக?”

“தப்பா ஒட்டிட்டேன்.”

“நல்லவேளை, பாத்தீக” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

அவளுக்கு அன்று லீவு கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். அவள் ஒருநாளும் லீவு எடுத்ததில்லை. அன்றைக்கு மட்டும் நான் அனுப்பியிருந்தால் பின்னால் ஏன் என்ற கேள்வி வரும். குடிக்காதே என்று சொன்னாலும் அதே கேள்விதான். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பீர்கள்.

அமுக்கரா என்று நான் எழுதிய தட்டில் இருந்த வேரைப் பொடித்து, பாலில் கலந்து மூன்று டம்ளரில் ஊற்றினாள். எனக்கு நீட்டினாள். இன்றைக்குச் சஷ்டி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்றேன்.

“நீங்க விரதமெல்லாம் இருப்பீகளாண்ணே? குன்றக்குடி முருகன் உங்களை நல்லா வச்சிருப்பான்” என்றாள். வீணாக்குவது அவளுக்குப் பிடிக்காது. என் டம்ளரில் இருந்ததையும் தன்னுடையதில் ஊற்றிக்கொண்டாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கார்த்திக்குப் போன் வந்தது. பாதி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். எதையும் அவன் கடைசிவரை இருந்து செய்ததில்லை.

முக்கால் மணி நேரத்தில் இருவருக்கும் நாக்கு வறண்டு முகம் சிவந்துவிட்டது. கார்த்தி இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பித்தான். இருவரையும் என் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்டார். அமுக்கராப் பால், எப்போதும் குடிப்பதுதான் என்றேன். உணவு ஒவ்வாமையாக இருக்கலாம் என்று அவரும் நம்பத் தொடங்கியிருந்தார்.

சந்திரலேகா கட்டிலில் கிடந்து காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு நிமிடம் தெளிவு வந்தது. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“காலையில அண்ணன் லேபிளை மாத்துனாக. எந்தத் தட்டுன்னு அவுகளைக் கேளுங்க சார். அண்ணனுக்குத் தெரியும். காப்பாத்திருவாக.”

டாக்டர் என்னைப் பார்த்தார். வேறு என்ன வேர் வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். ஊமத்தை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. மாற்று மருந்து கொடுத்தார்கள். கார்த்தி பிழைத்துக்கொண்டான். அவளுடைய இதயம் மறுநாள் காலை வரைதான் தாங்கியது.

இந்த நான்கு நாளாக நான் கார்த்தியைப் பற்றி அதிகம் நினைக்கவில்லை ஐயா. அவன் அப்படித்தான் என்று மனம் ஆறிவிட்டது. இவளை நினைத்தால்தான் ஆறவே மாட்டேன் என்கிறது. ஆறு வருடம் அவளைக் கூடப்பிறந்தவளாக நினைத்தேன். மாத்திரைக்காக எத்தனை தடவை மதுரைக்குப் போய் வந்தேன். அவ்வளவு பேர் முன்னால், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அதைச் சொல்ல அவளுக்கு எப்படி வாய் வந்தது?

லேபிளை மாற்றியது நான்தான். தெரிந்தேதான் மாற்றினேன். அவள் குடிப்பாள் என்பதும் தெரியும். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் என்னை முதுகில் குத்தியவர்கள் யார் யார் என்று எழுதும்போது, கார்த்திகேய சிவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சந்திரலேகாவையும் சேர்த்து எழுதுங்கள்.