முகம் எடுக்காதவர்

2024 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் பதினெட்டாம் நாள், வியாழக்கிழமை. வானம் தெளிந்திருந்தது, வாடைக் காற்று மெல்ல வீசியது, கடல் அவ்வளவாகக் கொந்தளிக்கவில்லை. பொங்கலுக்குப் பின் கிளிஞ்சல்மேட்டுப் படகுகள் முதன்முதலாகத் தொழிலுக்குப் புறப்பட்ட காலைப்பொழுது அது.

ஆய்வாளர் ஐயா, செல்லையனாகிய நான் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு காவலரை அமர்த்துவதாகக் கூறினீர்கள். தேவையில்லை. நாற்பது வயதுக்குப் பின் முதியோர் வகுப்பில் கற்றதாயினும் என் எழுத்து பிழையற்றது. நானே எழுதுகிறேன்.

இறந்துபோன ஹரிஹரன் கோவில்பத்தைச் சேர்ந்தவர். அலுவலக வேலையைத் துறந்து கேமராவைக் கையிலெடுத்தவர். மற்றவர்கள் எடுப்பதைப் போல அவர் எடுப்பதில்லை. மனிதரின் முகத்தை அவர் படம்பிடிப்பதே இல்லை. கால்களையும் கைகளையும் மட்டுமே பிடிப்பார். மீன்கூடை சுமந்து வரும் பெண்களுக்கு முன்னால், கேமராவைத் தாழ்த்திப் பிடித்தபடி, பின்னோக்கி நடந்துகொண்டே எடுப்பார். எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்க மாட்டார். திரும்பினால் காட்சி ஆடிவிடும் என்பார். அவருக்குப் பின்னால் நின்று, இடுப்பு வாரைப் பிடித்து வழிநடத்துவது என் பணி. வாரை இழுத்தால் பின்னால் வரலாம். அழுத்திப் பிடித்தால் நிற்க வேண்டும். பேச்சே தேவைப்படாது. வலை, கயிறு, நங்கூரம் என எத்தனையோ கிடக்கும் கரையில் அவர் ஒருமுறைகூட இடறியதில்லை.

வெளியூர்களில் அவருடைய படங்களைத் திரையிட்டபோது என்னையும் அழைத்துச் சென்றார். திரையில் நான் எங்கும் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. எவர் முகத்தையும் எடுக்காதவர் என் முகத்தை மட்டும் எப்படி எடுப்பார்? ஊர் முழுவதற்கும் ஒரே நீதி. அந்த நீதிக்குள் நான் நிம்மதியாக இருந்தேன்.

கார்த்திகை மாதத்தில் கருக்களாச்சேரிப் புகழேந்தி எங்கள் கரைக்கு வேலைக்கு வந்தான். படகு தள்ளும் ஆள். ஓயாமல் கேலி பேசுபவன். ஒரு நாள் அவன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா மெல்ல மேலே ஏறி முகத்தில் நின்றது. வார் என் பிடியில் இருந்ததால் ஹரிஹரனின் உடல் நிமிர்வதை நான் உணர்ந்தேன்.

"என்னா சார், மூஞ்சிக்கு வந்துட்டீங்க? முன்பல்லு ரெண்டு இல்லிங்க, அதயும் சேத்து எடுங்க," என்றான் புகழேந்தி. "பொண்டாட்டிகிட்ட காட்டணும். இந்த மூஞ்சியயும் ஒருத்தரு மெனக்கெட்டு பாக்குறாருன்னு."

ஹரிஹரன் வாய்விட்டுச் சிரித்தார். என்னோடு அவர் அவ்வாறு சிரித்ததில்லை.

அன்று மாலை தேநீர்க் கடையில் நான் பணிவாகவே கேட்டேன்.

"மூஞ்சி எடுக்க மாட்டேன்னு சொல்லுவீங்களே தம்பி?"

"ஆமாண்ணே. ஆனா இவன் மூஞ்சிய விட மனசு வரல."

"நம்ம மூஞ்சியயும் ஒருக்கா எடுத்தா என்னங்க?"

"உங்க மூஞ்சி எதுக்குண்ணே? உங்க கை போதும் எனக்கு. அத நம்பித்தான பின்னால பாக்காம நடக்குறேன்," என்று என் தோளைத் தட்டினார்.

அன்பாகத்தான் சொன்னார். நானும் தேநீரைக் குடித்து முடித்தேன். இதனைப் பொறாமை என்று நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டாம். ஒரு மனிதர் தாம் வகுத்த நெறியைத் தாமே மீறும்போது அவரைத் திருத்துவது உடனிருப்பவரின் கடமை.

அடுத்த படம் முழுவதும் புகழேந்தியின் முகம்தான் என்று முடிவாயிற்று. படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் அந்த முகத்தைக் கடலின் பக்கமிருந்து எடுக்க விரும்பினார் ஹரிஹரன். அவருக்கு நீந்தத் தெரியாது. "அதான் நீங்க இருக்கீங்களேண்ணே," என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் இருவரும் இறங்கினோம். இடுப்பளவு நீரில் அவர் கரையை நோக்கி நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து சற்றுத் தெற்கே மணல் சட்டென்று அறுந்து பள்ளமாகிவிடும். நீரின் இழுப்பும் அங்கே அதிகம். கிளிஞ்சல்மேட்டில் அதனை அறியாதவர் இல்லை. ஹரிஹரன் கிளிஞ்சல்மேட்டுக்காரர் அல்லர்.

படகு நகர்ந்தது. "டேய், என் மூஞ்சிதான்டா படத்துல வருது, ஒழுங்கா தள்ளுங்க," என்று கரையில் புகழேந்தி கத்துவது கேட்டது.

நான் ஹரிஹரனைத் தள்ளவில்லை. வாரைத் தெற்குப் பக்கமாக மெல்ல இழுத்தேன். வழக்கம்போல் வந்தார். மீண்டும் இழுத்தேன், வந்தார். பள்ளத்தின் விளிம்பு காலில் தட்டியதும் நான் ஒதுங்கிக்கொண்டு, இன்னொரு முறை இழுத்துவிட்டுக் கையை எடுத்தேன்.

படகை விட்டுவிட்டு நீந்தி வந்தவன் புகழேந்தி. அவன் கரைசேர்த்தபோது அவரிடம் உயிர் இல்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த கேமரா மட்டும் நீர் புகாத உறைக்குள் பழுதின்றி இருந்தது.

நேற்று நீங்கள் அதனைப் போட்டுக் காட்டி, "யாருய்யா இது?" என்று கேட்டீர்கள். புகழேந்தியின் முகம் விலகுகிறது, வானம் சுழல்கிறது, பின்னர் திரை நிறைய நான். பதற்றமில்லாத, நல்ல முகம். எட்டிப் பிடிக்கும் தொலைவில், கையை நீட்டாமல் நிற்கிறேன்.

தத்தளிப்பில் தவறிப் பதிவானது என்று நீங்கள் கருதலாம். அவரை நெருங்கி அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விரும்பாத எதனையும் ஹரிஹரன் எடுக்க மாட்டார். எனக்காகவே அவர் முதன்முறையாகத் திரும்பினார். அதன் பின்னர் வேறு எவர் முகமும் அதில் இல்லை. என் முகத்தோடு காட்சி முடியும்போது, திரையின் ஓரத்தில் நேரம் தெளிவாகத் தெரிகிறது: காலை ஆறு மணி நாற்பத்தேழு நிமிடம்.