அசையாத நம்பர்

– மாமா, நல்லா பாருங்க. ஸ்கிரீன்ல மெஷின் ரூம் கட்டத்துல இருக்கற நம்பர் மாறுதா இல்லையா?

– பச்சையாத்தானே இருக்கு, மருமகளே. பச்சைன்னா பயமில்லைன்னு நீதானே சொன்னே?

– கலரை விடுங்க. நம்பர் அசையுதா?

– அசையல. காலையில வந்து உக்காந்ததுலேர்ந்து ஒரே நம்பர்தான். இன்னிக்கு சமர்த்தா இருக்குன்னு நினைச்சேன்.

– எப்ப வந்து உக்காந்தீங்க? கதவுல யார் கார்டு தேய்ச்சாங்கங்கற கணக்கும் எனக்கு இங்க மாடியில வரல, அதான் கேக்கறேன்.

– நான் எப்ப கார்டு தேய்ச்சிருக்கேன்? கேட்டுல நிக்கறவருக்கு என் மூஞ்சிதான் கார்டு. வழக்கம்போல எல்லாருக்கும் முன்னாடி வந்துட்டேன். வந்ததுலேர்ந்து பல்லு தந்தியடிக்குது. கோட்டு இல்ல. உன் புருஷன் வாங்கிப் போட்டுகிட்டுப் போயிட்டான். அவன் கோட்டைத் துவைக்கப் போட்டிருக்கானாம்.

– ஐயோ மாமா, கதையை அப்புறம் சொல்லுங்க. அந்த நம்பர் சும்மா நிக்கவே நிக்காது. ஒரு கதவைத் திறந்து மூடினாலே ஏறி இறங்கும். நீங்க பாக்கறது நேத்து நின்னுபோன நம்பர்.

– என்னம்மா சொல்றே? நின்னுபோன கடியாரத்தையா இவ்வளவு நேரம் முறைச்சுப் பாத்துகிட்டிருந்தேன்?

– நேத்து எல்லா கம்ப்யூட்டருக்கும் அப்டேட் போட்டோம். போட்டதும் தானா அணைஞ்சு எழுந்திருச்சு. மத்ததெல்லாம் எழுந்திருச்சு, கேஸ் பாக்கற சர்வீஸ் மட்டும் எழுந்திருக்கல. இப்பதான் கவனிக்கிறேன்.

– சர்வீஸ்னா? வண்டியை விடுவோமே, அதா?

– இல்ல மாமா. கண்ணுக்குத் தெரியாம பின்னாடி ஓடிகிட்டே இருக்கற புரோகிராம். கீழ சென்சார் சொல்றதை வாங்கி உங்க ஸ்கிரீனுக்குக் கொடுக்கறது அதுதான். குளிர வைக்கற கேஸ் கசிஞ்சா சைரன் அடிக்கறது, கீழ எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடறது, கதவுக் கணக்கை எனக்கு அனுப்பறது, எல்லாமே அதுதான். அது செத்துக் கிடக்கு.

– அப்ப காலையிலேர்ந்து கேஸ் கசிஞ்சிருந்தா?

– சைரன் அடிச்சிருக்காது.

– ஃபேன்?

– ஓடியிருக்காது. மாமா, குளிர் ரூம்ல லோடு ஏத்திகிட்டிருக்கறவங்களை இப்பவே வெளிய வரச் சொல்லுங்க.

– லாரி நிக்குதேம்மா. மேனேஜர் தையா தக்கான்னு குதிப்பாரு.

– குதிக்கட்டும். நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க. மைக்ல கத்துங்க. போனை மட்டும் வச்சிடாதீங்க.

– ஏய்! எல்லாரும் கையில இருக்கறதை அப்படியே போட்டுட்டு வெளிய வாங்க! ஆமாய்யா, இப்பவே! கேள்வியெல்லாம் வெளிய நின்னு கேளு! வர்றாங்கம்மா. திட்டிகிட்டே வர்றாங்க.

– எல்லாரும் வந்தாச்சா?

– மேஸ்திரி கட்டை விரலைக் காட்டறான். அவன் ஆளுங்க அத்தனை பேரும் வெளியதான்.

– அப்பாடா.

– என்ன அப்பாடா? உன் புருஷன் கீழ மெஷின் ரூம்ல இருக்கானேம்மா!

– அவருக்குத்தான் இன்னொரு போன்ல அடிச்சுகிட்டே இருக்கேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு அதையே சொல்லிகிட்டிருக்கு.

– கீழ டவர் எங்க கிடைக்கும்? அது பாதாளம். எந்நேரமும் அந்தக் கேஸ் வால்வு பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருப்பான். அவனைத் தவிர அங்க யார் எட்டிப் பாக்கறா?

– அதான் மாமா பயமே. கேஸ் கீழதான் போய்த் தேங்கும். வாசனை கிடையாது, கண்ணு எரியாது. தலை கிறுகிறுக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான்.

– சும்மா இரும்மா. இரு, குழாயைத் தட்டறேன்.

– எந்தக் குழாயை?

– என் மேஜை பக்கத்துல ஒரு குழாய் கீழ போகுதுல்ல, அதை. ஸ்பேனரால தட்டினா கீழ அவனுக்குக் கேக்கும். திருப்பித் தட்டுவான். போன் எடுக்காத இடத்துல எங்களுக்கு அதுதான் போன். அவன் வால்வுக்காக மேனேஜர்கிட்ட போட்ட சண்டைக்கப்புறம் நான் தட்டறதையே விட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் பேச்சே குறைஞ்சுபோச்சு.

– தட்டுங்க மாமா. பலமா தட்டுங்க.

– தட்டிட்டேன்.

– பதில் வருதா?

– இரு. இன்னொரு தடவை தட்டறேன்.

– மாமா?

– வரலம்மா. மெஷின் உறுமறது மட்டும்தான் கேக்குது. நான் கீழ போறேன்.

– போகாதீங்க! ரீடிங் தெரியாம அந்தக் கதவுகிட்டயே போகக்கூடாது. முகமூடி எங்க?

– பீரோல. சாவி மேனேஜர்கிட்ட. மேனேஜர் காரை எடுத்துகிட்டு எங்கயோ போயிருக்காரு.

– நாசமா போச்சு. தீயணைப்புக்குச் சொல்லிட்டேன், கிளம்பிட்டாங்க. அதுக்குள்ள நீங்களும் போய் விழுந்தீங்கன்னா நான் யாரைன்னு தூக்குவேன்? உக்காருங்க. கண்ணு ஸ்கிரீன்லயே இருக்கட்டும். நான் சர்வீஸை எழுப்பறேன். நாம எழுப்பிட்டோம்னா ஃபேனாவது ஓடும்.

– எழுப்பு தாயே. சீக்கிரம் எழுப்பு.

– ஸ்டார்ட் கொடுத்திருக்கேன். அசையுதா?

– இல்ல.

– எழுந்திருக்குது, உடனே படுத்துக்குது. மறுபடி கொடுக்கறேன். இப்ப?

– இல்லம்மா. அந்தப் பாழாப்போன அப்டேட்டைக் கழட்டி எறியேன்!

– கழட்டினா எல்லாம் மறுபடி அணைஞ்சு எழுந்திருக்கணும். அதுவரைக்கும் நமக்குத் தாங்காது. ஏன் விழறேன்னு அதுவே எங்கயாவது சொல்லியிருக்கும். இருங்க, தேடறேன்.

– சத்தமா தேடும்மா. நீ பேசாம இருந்தா எனக்கு உசுரு போகுது.

– சரி சரி, பேசிகிட்டே தேடறேன். ஃபைல் எல்லாம் இருக்கு. சென்சார் லைன் வருது. அதுல குத்தமில்ல. இதோ, கிடைச்சிடுச்சு. லாகின் ஆகலையாம்.

– யாரு லாகின் ஆகல?

– சர்வீஸ்தான். அதுவும் நம்மளை மாதிரி ஒரு ஆள் பேரைச் சொல்லி, பாஸ்வேர்டு கொடுத்துத்தான் உள்ள வரணும். யார் பேர்ல வருதுன்னா... அட.

– என்ன அட? பாதியில நிறுத்தாதே!

– உங்க பையன் பேர்ல.

– அவன் மெக்கானிக்காச்சே. அவனுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

– சென்சார் மாட்டினப்ப அவர்தானே கூட நின்னு மாட்டினாரு? சர்வீஸுக்குன்னு தனியா ஒரு பேர் வாங்கணும்னா தலைமை ஆபீஸுக்கு நடையா நடக்கணும். "இப்போதைக்கு என் பேரைப் போட்டுக்க, அப்புறம் மாத்திக்கலாம்"னாரு. நானும் போட்டேன். இப்போதைக்கு இப்போதைக்குன்னே வருஷக்கணக்கா ஓடிடுச்சு.

– புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து நல்லா பாத்தீங்க வேலையை! சரி, இப்ப என்ன பண்ணணும்?

– பாஸ்வேர்டை மாத்தியிருப்பாரு. எனக்குத் தெரியாததா? பாப்பா பேரும் பொறந்தநாளும்தான். போடறேன்.

– அசையல.

– தெரியுது. ஆனா பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லலையே. வேற என்னமோ சொல்லுது.

– என்ன சொல்லுது?

– அவர் கணக்கையே முடக்கிட்டாங்களாம் மாமா. போன மாசமே. தலைமை ஆபீஸ்லேர்ந்து முடக்கியிருக்காங்க.

– எதுக்கு?

– பணி நீக்கம்னு போட்டிருக்கு.

– யாரை?

– உங்க பையனைத்தான்.

– உளறாதே. காலையில என் வண்டியில பின்னாடி உக்காந்து வந்தான். நேத்தும் வந்தான், முந்தாநாளும் வந்தான்.

– எனக்கு மட்டும் நம்ப முடியுதா? தினமும் சாப்பாடு கட்டிக் கொடுக்கறேன். ராத்திரி வந்து, "கீழ இன்னிக்கு இடுப்பொடியற வேலை"ன்னு கதை வேற சொல்றாரு மனுஷன்.

– போன மாசமே பேரை அடிச்சுட்டாங்கன்னா இத்தனை நாள் சர்வீஸ் எப்படி ஓடிச்சு? நீ சரியா பாரும்மா.

– சரியாத்தான் பாத்தேன். உள்ள இருந்தவரைக்கும் அதை யாரும் நீ யாருன்னு கேக்கல. அப்டேட்டுக்காக அணைஞ்சு மறுபடி உள்ள வர வேண்டியிருந்துச்சு பாருங்க, அப்பதான் வாசல்லயே நிறுத்திட்டாங்க.

– அந்த வால்வு சண்டைதான். தேய்ஞ்சுபோச்சு, மாத்துங்க, இல்லேன்னா ஒருநாள் யாரையாவது கொன்னுடும்னு மேனேஜர் முகத்துக்கு நேரா கத்திட்டு வந்தான். பாராட்டாம நான் என்ன சொன்னேன் தெரியுமா?

– தெரியும் மாமா. நானும் அங்கதானே நின்னேன்.

– இந்த வேலை போச்சுன்னா என் மூஞ்சியில முழிக்காதேன்னேன். அதுக்குத்தான் மறைச்சிருக்கான். அவன்கூட வேலை பாத்த மெயின்டனன்ஸ் பெரியவர் கொஞ்ச நாளா என்னைப் பாத்தா தலையைக் குனிஞ்சுகிட்டுப் போறாரு. எனக்கு உறைக்கலையே!

– மாமா, மாமா! ஒரு நிமிஷம். அழாதீங்க. இது நமக்கு நல்ல சேதி!

– எதும்மா நல்ல சேதி?

– கணக்கை முடக்கினா கூடவே கார்டையும் முடக்கிடுவாங்க. மெஷின் ரூம் கதவு கார்டு இல்லாம திறக்காது. அவரால உள்ள போயிருக்கவே முடியாது!

– நிஜமாவா?

– சத்தியமா. நீங்க கன்ட்ரோல் ரூம் பக்கம் திரும்பினதும் அவர் அந்தப் பக்கம் நழுவியிருப்பாரு. எங்கயாவது பார்க்லயோ பஸ் ஸ்டாண்டுலயோ பொழுதைத் தள்ளிகிட்டிருப்பாரு.

– அதானா! அதான் குழாய்ல பதில் வரல! நான் பாரு, என்னென்னமோ நினைச்சுட்டேன்.

– நானும்தான் மாமா.

– வேலை போனா போகுது, கழுதை. அவன் நல்லா இருந்தா போதும். சாயங்காலம் வந்தா அவனை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். நீயும் கேக்காதே.

– நான் கேப்பேன். நல்லா நறுக்குன்னு கேப்பேன். கேட்டுட்டு அழுவேன். சரி, சர்வீஸை என் பேருக்கு மாத்திட்டேன். ஸ்டார்ட் கொடுக்கறேன், பாருங்க.

– அசையுதும்மா! குளிர் ரூம் பச்சை. அடுத்ததும் பச்சை. மெஷின் ரூம் ஏறுது. ஏறிகிட்டே போகுது. ஐயய்யோ, சிவப்பு! முழுக்க சிவப்பு!

– சைரன் இங்க மாடியில எனக்கே கேக்குது.

– ஃபேன் ஓட ஆரம்பிச்சிருச்சு, தரை அதிருது. அவன் சொன்ன வால்வேதான். தலைதலையா அடிச்சுகிட்டான், ஒருத்தராவது காதுல போட்டுகிட்டோமா?

– நல்லவேளை, அங்க யாரும் இல்ல. இருந்திருந்தா?

– வேலையை விட்டு எடுத்தாரே அந்த மேனேஜர், இன்னிக்கு அவர் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும்மா எனக்கு.

– இருங்க மாமா. கதவுக் கணக்கும் இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு. மெஷின் ரூமுக்குள்ள ஒருத்தர்னு காட்டுது.

– ஒருத்தரா? அதுவும் அந்த நம்பர் மாதிரி பழசா இருக்கும்.

– பழசு இல்ல. இன்னிக்குக் காலையில தேய்ச்ச கார்டு. உள்ள போனவர் வெளிய வரல.

– ஐயோ, யார் பெத்த புள்ளையோ! பேரைப் பாரும்மா, யாருன்னு பாரு!

– பேரு... மாமா, உங்க பேருதான் வருது. நீங்க கன்ட்ரோல் ரூம்லதானே இருக்கீங்க? உங்க கார்டு எங்க?

– உன் புருஷன் போட்டுகிட்டுப் போன கோட்டுல.