ஜிமிக்கிக்கு என்ன நோய்

என் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும் டாக்டர். ஆனாலும் உங்கள் மருந்துச்சீட்டுக்குத் தேவலை. நாயைத் தடவிப் பார்த்து, ரத்தமும் எடுத்துப் பார்த்துவிட்டு, "நோய்னு ஒண்ணும் இல்லீங்களே. அப்புறம் ஏன் ஒரு வாரமா சாப்புடல? யாரு வளத்தது, உங்ககிட்ட எப்பிடி வந்துது, ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க" என்று இந்தத் தாளை நீட்டினீர்கள். வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். வேட்டை நாய்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை என்று கேள்விப்பட்டுத்தான் சிதம்பரம் வரைக்கும் வந்தேன். எனக்கும் கொஞ்சம் தெரியும். வினையே அதனால்தான்.

பெயர் தைரியராஜ், வயது அறுபத்தொன்று, ஊர் குடிகாடு. சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் முப்பது வருஷம் வெள்ளைக் கோட்டு போட்டவன். பாட்டிலைக் குலுக்கிப் பார்த்து நம்பர் எழுதுகிற வேலைதான். ஆனால் எங்கள் சொந்தபந்தத்துக்குக் கோட்டு போட்டவன் எல்லாம் பாதி டாக்டர். நானும் திருத்தவில்லை. என் மனைவி ராணி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு என் வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான்.

ஜிமிக்கி என் மச்சான் வீட்டு நாய். மச்சான் டேவிட் ராஜ், ராணியின் தம்பி, கீரப்பாளையத்தில் இருக்கிறான். யூடியூப்பில் எதைப் பார்த்தாலும் அவனுக்கு உடனே வேண்டும். முந்தின வருஷம் காடை வளர்த்தான். போன வருஷம் கோவில்பட்டிப் பக்கம் போய் கன்னி என்கிற வேட்டை இனத்து நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கிவந்தான். கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே பழுப்பாய் இரண்டு பொட்டு, மடிந்து ஆடுகிற காது. அதனால் ஜிமிக்கி. வாங்கியதோடு அவன் வேலை முடிந்தது. சோறு போட்டு, குளிப்பாட்டி, வளர்த்ததெல்லாம் அவன் மனைவி ஜோதி மேரி. அங்கன்வாடி டீச்சர். காலையில் ஸ்கூட்டியில் போனால் சாயங்காலம் வருவாள்.

ஈஸ்டருக்குப் போயிருந்தேன். அறுத்துப் போட்ட வயலில் ஜிமிக்கி ஓடியதை அன்றுதான் பார்த்தேன். அப்படி ஓடி வந்து, ஜோதி மேரி காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். எனக்கு அந்த நாய் வேண்டும். கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் இல்லை என்று சொல்லியிருப்பார்கள்.

அதனால் படித்தேன். இரண்டு மாதம் கன்னி நாயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். ஒன்று புரிந்தது. இந்த நாய் நல்லபடியாக இருப்பதற்கு என்னென்ன அடையாளமோ, அத்தனையும் தெரியாதவன் கண்ணுக்கு வியாதி. ராணியின் பிரஷர் பார்க்கிற ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஆடி மாதம் கீரப்பாளையம் போனேன்.

"தங்கச்சி, மூணு விலா எலும்பு தெரியுதே. ஒழுங்கா சாப்புடுதா?"

"நல்லா சாப்புடுதுண்ணே."

"அப்பதான் ஜாஸ்தி கவலப்படணும். சாப்புட்டும் ஒடம்புல ஒட்டலன்னா, உள்ள ஏதோ உருக்குது."

மூன்று எலும்பு தெரிந்தால் அளவான உடம்பு என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூச்சை இழுக்கும்போது வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் நெஞ்சு அடிப்பது நாய்க்கு இயல்பு. "நின்னு நின்னு அடிக்குது" என்றேன். இரண்டு நிமிஷம் பறந்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குவது இந்த இனத்தின் வழக்கம். "சோகை" என்றேன். அதிகம் குரைக்காது. "தொண்டையில கட்டி இருக்கலாம்" என்றேன். நான் நீட்டிய பிஸ்கட்டை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. "பாத்தியா, பசியே செத்துப்போச்சு." மச்சான் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஆமா மாமா, எல்லாமே ஒத்துப் போவுது" என்றான். அவனை நம்பித்தான் நான் இறங்கியதே.

ஜோதி மேரி அழுதாள். "வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்னு நேந்துக்கிறேண்ணே, எப்பிடியாச்சும் காப்பாத்திக் குடுங்க" என்றாள். கடலூரில் தெரிந்த டாக்டர் இருக்கிறார் என்று சொல்லி ஜிமிக்கியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பத்து நாள் கழித்து போன் செய்து, போய்விட்டது என்றேன். ஆற்றங்கரையில் வேப்பமரத்தடியில் புதைத்தேன், ஜெபமும் சொன்னேன் என்றேன். கழுத்துப் பட்டையையாவது கொடுங்கள் என்று கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். நேர்ந்துகொண்டது நேர்ந்துகொண்டதுதான் என்று ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடக்கவும் நடந்தாள். கால் கொப்புளத்துக்கு நான்தான் களிம்பு வாங்கிப் போனேன். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரன் இல்லை டாக்டர்.

ஆக, நாயை யாரும் சாகடிக்கவில்லை. நான் வாயால் மட்டும் சாகடித்தேன். உயிரோடு, என் வீட்டில், ராணியின் மெத்தையில் அது படுத்திருக்கிறது. கோழி ஈரல் வேகவைத்துக் கொடுத்தேன், முட்டை கொடுத்தேன், கையில் எடுத்து ஊட்டப் பார்த்தேன். முதலில் ஏதோ கொறித்தது. இப்போது தண்ணீர் மட்டும். அன்று மூன்று எலும்பு தெரிந்தது, இன்று பதின்மூன்றும் தெரிகிறது. அன்று நான் சொன்ன பொய் ஒவ்வொன்றும் இன்று நிஜமாகிக்கொண்டு வருகிறது. நடுங்குகிறது, சத்தமே இல்லை. போய்விடுமோ என்று எனக்கு பயமாக இருக்கிறது.

கன்னி ஒரு ஆளைத்தான் தன் ஆளாக நினைக்கும் என்ற பக்கத்தையும் படித்தேன், படிக்காமல் இல்லை. அந்த ஒரு ஆள் நானாக ஆகிவிடலாம் என்று நினைத்தேன். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் மறக்காதா என்ன.

கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்று நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். யோசித்துப் பாருங்கள், புதைத்த நாயை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? அந்தப் பெண் மனசு தாங்குமா? அவள் இப்போதுதான் கொஞ்சம் தேறி வருகிறாள். பசிக்கு நல்ல டானிக்காக ஒன்று எழுதிக் கொடுங்கள், போதும்.

நல்ல அடையாளமும் ஒன்று இருக்கிறது, அதை எழுத மறந்துவிட்டேன். சாயங்காலம் தெருவில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து, தள்ளாடிக்கொண்டே கேட் வரைக்கும் போய், வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. வண்டி தாண்டிப் போனதும் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறது. ஸ்கூட்டி என்றால் அதற்கு அவ்வளவு பிரியம் போலிருக்கிறது. உடம்பு தேறட்டும் டாக்டர், நானே ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்.