ரோஜாவுக்கு ஊற்றிய சாயத் தண்ணீர்

சின்ன காஞ்சிபுரத்தில் மண்ணெண்ணெய் வரிசை. எனக்கு முன்னால் முழங்கை வரை அரக்கு நிறமேறிய ஒரு சாயக்காரர், அவருக்கு முன்னால் அவருடைய நெசவாளி நண்பர்.

"பூ நல்லா செவக்கட்டும்னு ரோஜாவுக்கு மிச்ச சாயத்தண்ணிய ஊத்திட்டேன்பா" என்றார் சாயக்காரர்.

கள்ளிச்செடியையே சாகடித்த கை என்னுடையது. காதை நீட்டினேன்.

"அடப்பாவி, அது என்ன பட்டு நூலா?"

"இலையெல்லாம் கொட்டிப்போச்சு. எம் பொண்டாட்டி அவ அம்மா வூட்லேர்ந்து கொம்பு ஒடிச்சாந்து வச்ச பன்னீர் ரோஜா. பத்து நாளா எங்கிட்ட வாயே தொறக்கல."

"பன்னீர் ரோஜா லேசுல சாவாதுபா. காஞ்ச கொம்ப வெட்டிட்டு, நல்ல தண்ணி ஊத்தி, சும்மா வுடு. துளிர் இருக்குதா?"

"அடியில ஒண்ணு வந்துக்கினு இருக்குது. ஆனா செவப்பா இருக்குதே, சாயம் ஏறிடுச்சோ?"

"ரோஜாத் துளிரே செவப்புதான்யா! தங்கச்சிகிட்ட காட்டினியா?"

"அவதான் காலைல எனக்குக் காட்டுனா. 'இனிமே செடிகிட்ட வந்தே, கைய ஒடிச்சிடுவேன்'னா."

"அப்போ பேசிட்டாளே!"

சாயக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு மண்ணெண்ணெய் டின்னை நண்பர் கையில் திணித்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஓட்டமெடுத்தார்.